ஏழு மாதப் பெட்டைப் பூனை சினையா? ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பூனைகளின் நிகழ்வு ஆய்வு

ஆங்கிலப் புத்தாண்டுக்கு மறுநாள் காலை, கும்பகோணத்தில் இருக்கும் என் சிகிச்சையகத்துக்கு ஒரு பெண்மணி பிரம்புக் கூடையில் இரண்டு பூனைகளைக் கொண்டுவந்தார். இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்த பெட்டைகள். ஏழு மாதம் நிறைந்தவை. மூவண்ணப் பூனையின் பெயர் சிட்டு. வெள்ளை உடலில் சாம்பல் வரி ஓடியதன் பெயர் பட்டு. அவர் காட்ட வந்தது சிட்டுவைத்தான். "வயிறு நாளுக்கு நாள் பெருத்துக்கிட்டே போவுது டாக்டர், சினையா இருக்குமோன்னு பயமா இருக்கு. இவளே இன்னும் குட்டிதானே" என்றார். தனியே விட்டால் வீட்டில் ஓயாமல் கத்தும் என்பதால் பட்டுவைத் துணைக்குக் கூட்டிவந்ததாகவும் சொன்னார்.

அன்றைய பரிசோதனையின் முடிவில் சிட்டுவின் வயிற்றில் இருந்தது புழு என்று தெரிந்தது. சினை என்று நான் சந்தேகித்தது ஒட்டிய வயிற்றோடு கூடையின் மூலையில் சுருண்டிருந்த பட்டுவை. பத்து நாள் கழித்து அந்தச் சந்தேகம் உறுதியாயிற்று. இளம்பூனை சினையா இல்லையா என்று பார்க்க வருகிற அனைவரும் முதலில் காட்டுவது வயிற்றைத்தான். ஆனால் சினையின் அடையாளங்களுள் வயிறு பேசத் தொடங்குவது மிகவும் பிந்தித்தான். அதற்கு முன் பல வாரங்கள் நாள் கணக்கும் காம்பும் நமக்குச் செய்தி சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அதை விரிவாகப் பதிவு செய்யவே இந்த நிகழ்வை எழுதுகிறேன்.

முதல் நாள்: கேட்டறிந்தவை

சிட்டுவை மேசைமேல் வைத்தபோதே சில விஷயங்கள் ஒவ்வாமல் தெரிந்தன. எடை 1.7 கிலோ, உடன்பிறந்த பட்டுவோ 2.4 கிலோ இருந்தது. வயிறு மட்டும் பானை போல இருபக்கமும் பிதுங்கியிருக்க, முதுகெலும்பு விரலுக்கு முள்ளாகத் தட்டுப்பட்டது, மயிர் பளபளப்பில்லாமல் சிலிர்த்து நின்றது, ஈறு வெளிறியிருந்தது. சினைப்பூனை முதுகு வற்றி வயிறு மட்டும் பெருப்பதில்லை. சினையான நாள் முதலே அதன் எடை மெல்ல மெல்ல ஏறத் தொடங்குகிறது; வரப்போகும் பால் கொடுக்கும் காலத்துக்காக உடம்பு கொழுப்பைச் சேர்த்து வைக்கிறது. நாய்க்குச் சினையின் கடைசி மூன்று வாரங்களில்தான் எடை பெருமளவு கூடும், பூனை அப்படியன்று. ஆகவே இளைத்த உடம்பும் பெருத்த வயிறும் சேர்ந்து வந்தால் என் எண்ணம் முதலில் புழுவின் பக்கமே போகும்.

ஆனாலும் பெண்மணியிடம் கேட்க வேண்டியதைக் கேட்டேன். சிட்டு எப்போதாவது இரவு பகலாகக் கத்தியதா, தரையில் புரண்டதா, முதுகைத் தடவினால் முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி வாலை ஒருபுறம் ஒதுக்கிக்கொண்டு பின்னங்கால்களால் மாறி மாறி மிதித்ததா என்று கேட்டேன். இவை பருவத்துக்கு வந்த பெட்டையின் அடையாளங்கள். முதல்முறை பார்க்கிறவர்கள் வயிற்றுவலி என்றோ விஷம் தீண்டியது என்றோ பதறி, நள்ளிரவில் தொலைபேசியில் அழைப்பதுண்டு. "அது சிட்டு இல்லீங்க, பட்டுதான் அப்படிப் பண்ணினா" என்று அவர் சொன்ன நொடியில் என் கவனம் கூடைக்குத் திரும்பியது.

எப்போது என்று கேட்டேன். தேதி நினைவில்லை என்றார். இங்குதான் சிறிது நேரம் செலவிட வேண்டும். "ஏதோ போன மாசம்" என்கிற பதிலோடு நின்றுவிட்டால் அதன்பிறகு செய்யும் எந்தப் பரிசோதனைக்கும் சரியான பொருள் கிடைக்காது. மாமியாரிடம் கைபேசியில் கேட்டுச் சொன்னார்: கார்த்திகை தீபத்தன்று திண்ணையில் வைத்த அகல்களில் ஒன்றைப் பட்டு தட்டிவிட்டது, அதற்காக அதட்டினார்கள், மறுநாளிலிருந்து ஒரே கத்தல். கத்தத் தொடங்கிய மூன்றாம் நாள் இரவு ஓட்டுக்கூரைமேல் பூனைகள் சண்டையிடும் சத்தம் கேட்டது. அதற்கு ஓரிரு நாளில் கத்தல் நின்றது. "ஆனா பட்டு வெளியில போகவே மாட்டா டாக்டர். வாசக் கதவு எப்பவும் சாத்தித்தான் இருக்கும்" என்றார். வீட்டில் முற்றம் உண்டா என்று கேட்டேன். உண்டு; மேலே கம்பி போட்டிருக்கிறது. கம்பிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று கேட்டதற்குக் கையை விரித்துக் காட்டினார். கடுவன் பூனை ஒன்று தலையை நுழைக்க அது தாராளமாகப் போதும். தலை நுழைந்தால் உடலும் நுழைந்துவிடும்.

இந்தக் கணக்கின்படி கூரைச் சண்டை நடந்த இரவு முதல் அவர் என்னிடம் வந்த நாள்வரை 17 நாட்கள். பட்டுவைத் தூக்கி மேசைமேல் வைத்தேன்.

முதல் நாள்: கண்டறிந்தவை

பிடரி மயிரை விலக்கிப் பார்த்தபோது தோலில் இரண்டு இடங்களில் காய்ந்து உதிரும் நிலையில் சிறு பொருக்கு இருந்தது. இணைசேரும்போது கடுவன் பெட்டையின் பிடரியைப் பல்லால் கவ்விப் பிடிக்கும். இது சினைக்குச் சான்றாகாது. பூனைச் சண்டையிலும் பிடரியில் காயம் படும். ஆனால் வீட்டைவிட்டு வெளியே போகவே இல்லை என்று சொல்லப்பட்ட பூனையின் பிடரியில் அந்தத் தடம் இருந்ததால், கம்பி இடைவெளியைப் பற்றி நான் கேட்டது வீண்கேள்வி அல்ல என்பது அந்தப் பெண்மணிக்கும் விளங்கியது.

அடுத்து மல்லாத்திப் பிடித்துக் காம்புகளைப் பார்த்தேன். ஒருமுறைகூட ஈனாத இளம்பூனையின் காம்பு மயிருக்குள் மறைந்து, நொய்யரிசி அளவில், தோலின் நிறத்திலேயே இருக்கும். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பட்டுவின் பின்பக்கக் காம்புகள் நான்கும் உளுந்தம்பருப்பு அளவுக்குத் தடித்து, செம்பருத்தி மொட்டின் நுனியைப் போல இளஞ்சிவப்பாக நின்றன. சுற்றியிருந்த மயிர் விலகிச் சிறு வட்டமாகத் தோல் தெரிந்தது. இணைசேர்ந்த 15 முதல் 20 நாட்களுக்குள் தோன்றும் இந்தச் செம்மை, முதல் ஈற்றுக்காரியிடத்தில் மிகத் தெளிவாகத் தெரியும். முன்பே குட்டிபோட்ட பூனையின் காம்பு ஏற்கெனவே நீண்டிருப்பதால் இந்த வேறுபாடு அவ்வளவு புலப்படாது. ஒப்பிட்டுப் பார்க்கச் சிட்டுவின் வயிற்றையும் திருப்பிக் காட்டினேன். அதன் காம்புகளை மயிருக்குள் தேடித்தான் காட்ட முடிந்தது. ஒரே நாளில் பிறந்த இரண்டு பூனைகளை அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை. அந்த ஒரு நிமிடத்தில் அவர் புரிந்துகொண்டதை நான் அரைமணி நேரம் பேசியும் புரியவைத்திருக்க முடியாது.

ஆனாலும் காம்பு சிவந்தது என்பதால் சினை என்று அன்று நான் எழுதித்தரவில்லை. காரணம் பூனையின் கருவகம், அதாவது கருமுட்டை உருவாகும் உறுப்பு, இயங்கும் விதத்தில் இருக்கிறது. பெட்டைப்பூனைக்குக் கருமுட்டை தானாகக் குறித்த நாளில் வெளிவருவதில்லை. கடுவனோடு சேரும்போது ஏற்படும் தூண்டல்தான் மூளையிலிருந்து அதற்கான இயக்குநீரை (ஹார்மோனை) சுரக்கவைக்கிறது. பெரும்பாலும் ஒரே நாளில் பலமுறை சேர்ந்த பிறகே அத்தூண்டல் போதுமானதாகி, அடுத்த ஓரிரு நாட்களில் முட்டை வெளியாகிறது. அப்படி வெளிவந்த முட்டை கருவுற்றால் சினை. கருவுறாமல் போனால் பொய்ச்சினை. இரண்டிலும் கருவகத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற, சினையைக் காக்கும் இயக்குநீர் சுரக்கிறது. இரண்டிலும் கத்தல் அடங்குகிறது. பொய்ச்சினையிலும் காம்பு ஓரளவு சிவக்கலாம். கடுவனே இல்லாத வீட்டிலும் சில பெட்டைகளுக்கு முட்டை வெளியாவதுண்டு. ஆகவே அமைதியான பூனை, சிவந்த காம்பு என்ற இரண்டை மட்டும் வைத்து முடிவு சொன்னால் சில சமயம் பொய்யாகும்.

நாள் கணக்கின் பயன்

இணைசேராமல் போன பெட்டை, ஏறக்குறைய ஒரு வாரம் கத்தி அடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் மறுபடியும் கத்தத் தொடங்கும். அப்படிக் கத்தினால் முட்டை வெளியாகவே இல்லை, சினைக்கு வழியில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். மூன்று வாரம் கடந்தும் கத்தாமல் இருந்தால் முட்டை வெளியாகியிருக்கிறது என்று கொள்ள இடமுண்டு. அது சினையா பொய்ச்சினையா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. பொய்ச்சினையானால் சுமார் 40 நாட்களில் இயக்குநீர் இறங்கி, அதன்பிறகு பூனை திரும்பவும் பருவத்துக்கு வரும். சினையானால் ஐந்தாம் வாரத்தில் வயிறே சொல்லிவிடும். 63 முதல் 65 நாட்களில், சில பூனைகளில் சற்று முன்னும் பின்னுமாக, ஈற்று நிகழும்.

குளிர்காலத்தில் பூனை பருவத்துக்கு வராது என்று படித்திருந்த அப்பெண்மணியின் கல்லூரிக்குச் செல்லும் மகள், மார்கழியில் இது எப்படி என்று பின்னர் என்னிடம் கேட்டாள். அவள் படித்தது வடதேசத்துப் பூனைகளுக்குப் பொருந்தும். பகல் நீளும் காலத்தில்தான் பூனையின் பருவம் தூண்டப்படுகிறது. ஐரோப்பாவின் நீண்ட இருட்டுக்காலத்தில் அது ஓய்ந்துவிடும். காவிரிக்கரையிலோ ஆண்டின் மிகக் குறுகிய நாளிலும் பகல் 11 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறது; அதற்குமேல் கூடத்து விளக்கு இரவு பத்துவரை எரிகிறது. நம் ஊர்ப் பூனைக்கு ஆண்டு முழுவதும் பருவகாலம்தான். வயதையும் அப்படியே பார்க்க வேண்டும். உடல்வாகான பெட்டை நாலு மாதத்திலேயே முதல் பருவத்தை அடையக்கூடும். பெரும்பாலானவை ஐந்து முதல் ஒன்பது மாதத்துக்குள் அடைகின்றன. "இன்னும் குட்டிதானே" என்ற எண்ணம்தான் அந்த வீட்டில் முற்றத்துக் கம்பிக்கு வலை போடாமல் வைத்திருந்தது.

அன்று செய்ததும் செய்யாததும்

சிட்டுவின் மலத்தை நுண்ணோக்கியில் பார்த்தேன். தடித்த, குழிகுழியான ஓடுகொண்ட உருளைப்புழு முட்டைகள் ஒவ்வொரு பார்வைப்புலத்திலும் தெரிந்தன. பைரன்டெல் என்ற புழுமருந்தைக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கொடுக்கச் சொன்னேன். மறுநாள் வேகவைத்த சேமியாவைப் போலச் சுருண்ட புழுக்கள் வெளியேறியதாகக் கைபேசியில் படம் அனுப்பினார்கள். சிட்டுவைப் பற்றி இதற்குமேல் விரிக்க எதுவும் இல்லை.

பட்டுவின் வயிற்றையும் அன்று தொட்டுப் பார்த்தேன். 17ஆம் நாளில் கருப்பைக் கொம்பில், அதாவது கருப்பையின் இரு கிளைகளில், கருத்தங்கிய இடங்கள் சுண்டைக்காய்க்கும் சிறியவை. அனுபவப்பட்ட விரலுக்கும் ஏமாற்றம் நேரும். சில ஆண்டுகளுக்கு முன், இதே அளவு நாளில் ஒரு பூனையைத் தொட்டுப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று நான் உறுதியாகச் சொல்லி அனுப்பினேன். ஆறு வாரம் கழித்து அது நான்கு குட்டிகள் போட்டது. என் சொல்லை நம்பிய அந்த வீட்டார் இடையில் தோல் பூஞ்சைக்காக வேறோர் இடத்தில் மாத்திரை வாங்கிக் கொடுத்ததையும், பூனை அதைத் துப்பிவிட்டதையும் பிறகு கேட்டபோது எனக்கு வியர்த்தது. அந்த மாத்திரை கருவில் இருக்கும் குட்டியை ஊனமாக்கும் தன்மையுடையது. அன்றிலிருந்து, இணைசேர்ந்து மூன்று வாரம் நிறையாத பூனைக்கு "இல்லை" என்ற சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. "இன்னும் தெரியவில்லை, இன்ன தேதியில் வாருங்கள்" என்றே எழுதித்தருகிறேன்.

பட்டுவுக்கு அன்று மூன்று நோய்த் தடுப்பூசி போடும்படி அவர் கேட்டார். மறுத்தேன். உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமி கொண்ட தடுப்பூசியைச் சினைப்பூனைக்குப் போட்டால், பூனைக் கழிச்சல் நோயின் அந்தத் தடுப்புக்கிருமி கருவிலிருக்கும் குட்டிகளின் சிறுமூளையைத் தாக்கி, பிறந்தபின் நிற்கும்போதெல்லாம் தள்ளாடும் குட்டிகளைத் தரக்கூடும். வீட்டில் மனிதருக்கான அல்பென்டசோல் புழு மாத்திரை இருப்பதாகவும், சிட்டுவுக்குக் கால் மாத்திரை கொடுத்துப் பார்த்ததாகவும் சொன்னார். அதைப் பட்டுவின் வாயருகே கொண்டுபோக வேண்டாம் என்றேன். கருவுக்குத் தீங்கு செய்யும் மருந்து அது. சினையா என்று உறுதியாகத் தெரியாத நாட்களில் பூனையைச் சினைப்பூனையாகவே எண்ணி நடத்துவதுதான் என் வழக்கம். அந்தக் கவனத்தால் சினையில்லாத பூனைக்கு நட்டம் ஏதுமில்லை.

மகள் இன்னொன்றும் கேட்டாள்: மருந்துக்கடையில் பெண்களுக்கு விற்கும் சிறுநீர்ச் சோதனைப் பட்டையைப் பூனைக்குப் பயன்படுத்தலாமா என்று. இந்தக் கேள்வியை நான் மாதம் ஒருமுறையாவது எதிர்கொள்கிறேன். அந்தப் பட்டை கண்டுபிடிப்பது மனிதக் கருவின் நஞ்சுக்கொடித் திசு சுரக்கும் ஓர் இயக்குநீரை. பூனைக்கு அது சுரப்பதே இல்லை. வயிறு நிறையக் குட்டிகள் இருந்தாலும் பட்டையில் ஒரு கோடுதான் விழும். பூனைக்கு உரியது ரிலாக்சின் என்ற இயக்குநீரைக் காட்டும் இரத்தச் சோதனை. அது நஞ்சுக்கொடியிலிருந்து வருவதால் பொய்ச்சினையில் காணப்படாது. நான்காம் வாரத்தை ஒட்டிச் செய்தால் நம்பத்தக்க விடை கிடைக்கும். அந்தச் சோதனைக்கான பெட்டி அப்போது என்னிடம் கையிருப்பில் இல்லை. ஸ்கேன் இருந்ததால் அதற்காக அலைய வேண்டியிருக்கவில்லை.

இருபத்தேழாம் நாள்

போகிக்கு முந்திய நாள் மறுபடியும் வந்தார்கள். பட்டு இடையில் கத்தவில்லை. நாலைந்து நாளுக்குமுன் இரண்டு வேளை மீனை முகர்ந்துவிட்டு விலகியது, ஒருமுறை நுரையாக வாந்தி எடுத்தது, பிறகு வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தின்றது என்றார்கள். எடை 2.6 கிலோ. சிட்டுவின் வயிறு வற்றி, முதுகு கொஞ்சம் மூடியிருந்தது. வெளித்தோற்றத்தில் இருவர் வயிறும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. பட்டுவைப் பார்த்து எவரும் சினை என்று சொல்லமாட்டார்கள்.

பூனையை நிற்கவைத்து, பின்னிருந்து ஒரு கையின் கட்டைவிரலும் மற்ற விரல்களும் வயிற்றின் இருபுறமும் வருமாறு மெல்லப் பிடித்து, மூச்சுவிடும்போது வயிறு தளரும் நொடிக்காகக் காத்திருக்க வேண்டும். முதலில் முதுகெலும்பை ஒட்டி மேலே, வரிசையாக, கெட்டியான உருண்டைகள் விரலில் பட்டன. இங்குதான் பலர் தவறுகிறார்கள். அது பெருங்குடலில் நின்ற மலம். லேசாக அழுத்தினால் பிசைந்த மாவு போலப் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கும். அதற்குக் கீழே, வயிற்றின் அடித்தளத்தை ஒட்டி, வேறுவிதமான உருண்டை ஒன்று கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வந்து வழுக்கிப் போனது. அரநெல்லிக்காய் அளவு, நீர் நிறைந்த பலூன் போல இறுக்கமும் நெகிழ்வும் கலந்தது, அழுத்தம் விட்டதும் பழைய வடிவுக்கு வருவது. இன்னொன்று அதற்குப் பின்னால். மூன்றாவதாகச் சற்றுச் சிறியதாக ஒன்று, அல்லது அப்படி எனக்குத் தோன்றியது. 21 முதல் 28 நாள்வரைதான் இவை இப்படித் தனித்தனி மணிகளாகத் தட்டுப்படும். 35ஆம் நாளுக்குப் பிறகு நீர் பெருகி உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடுவதால், வயிறு வெளியே தெரியத் தொடங்கும் அந்தக் கட்டத்தில் கையால் அறிவது கடினமாகிவிடுகிறது. இந்தப் பரிசோதனையை வீட்டில் யாரும் செய்து பார்க்கக் கூடாது என்று அழுத்திச் சொன்னேன். அளவு மீறிய ஓர் அழுத்தம் கருவைக் கலைத்துவிடும்.

கையை நம்பி நின்றுவிடாமல் ஸ்கேன் கருவியை வைத்தேன். அடிவயிற்று மயிரை ஒரு தீப்பெட்டி அகலத்துக்கு மட்டும் கத்தரித்து, வெதுவெதுப்பாக்கிய கூழ்மத்தைத் தடவினேன். குளிர்ந்த கூழ்மம் பட்டால் பூனை துள்ளிவிடும். திரையில் கரிய வட்டம் ஒன்று, அதன் சுவரில் சாம்பல் நிறத்தில் அவரைவிதை போல வளைந்த உரு, அந்த உருவின் நடுவே விட்டுவிட்டு மின்னும் ஒரு புள்ளி. நிமிடத்துக்கு 200க்கு மேல் துடிக்கும் இதயம் அது. எண்ண முடியாது, மின்மினியைப் போலத் தெரியும். மகள் திரையருகே குனிந்து மூச்சுவிடாமல் பார்த்தாள். இரண்டாவது வட்டத்திலும் துடிப்பு இருந்தது. மூன்றாவது வட்டம் அளவில் சிறியது. அதற்குள் இருந்த உருவில் எவ்வளவு நேரம் பார்த்தும் துடிப்பைக் காணவில்லை. பூனைகளில் இப்படி ஓரிரு கரு நின்றுபோய், உடம்பே அதை உள்வாங்கிக்கொள்வது புதிதன்று. வெளியே எந்த அடையாளமும் தெரியாது. ஸ்கேனில் சொன்ன எண்ணிக்கைக்கும் பிறகு பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கைக்கும் வேறுபாடு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்று தங்கியது, இரண்டு துடிக்கிறது என்றே அறிக்கையில் எழுதினேன்.

இளம்பூனையின் பெருத்த வயிற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால், ஸ்கேனில் மற்ற உறுப்புகளையும் பார்ப்பது அவசியம். பெரும்பாலும் இரண்டு வயதுக்குக் குறைந்த பூனைகளைத் தாக்கும் கொரோனா வகைத் தொற்று ஒன்றில் வயிற்றில் மஞ்சள்நீர் கட்டி, சினை போலவே உருண்டு நிற்கும். அந்தப் பூனை காய்ச்சலோடு சோர்ந்து இளைத்துக் கிடக்கும். பருவம் முடிந்த சில வாரங்களில் கருப்பையில் சீழ் கோத்துக்கொள்வதும் உண்டு. முதல் பருவத்துக்குப் பிறகு இயக்குநீரின் வேகத்தால் மடி முழுவதும் எலுமிச்சை அளவில் வீங்கிச் சூடாகிவிடும் ஒரு நிலையை, பால் இறங்கிவிட்டது என்று நினைத்துச் சினைப்பூனையாகக் கொண்டுவருகிறார்கள். சினை பார்க்க வந்த 'பெட்டை'யின் வாலைத் தூக்கிப் பார்த்தால் கடுவனாக இருந்த நிகழ்வும் என் பதிவேட்டில் உண்டு. பட்டுவுக்கு இவை எதுவும் இல்லை.

வீட்டாரின் முடிவு

சினை உறுதியானதும் இரண்டு வழிகளையும் அவர்கள் முன் வைத்தேன். இந்தக் கட்டத்திலேயே கருத்தடை அறுவை செய்து கருப்பையை நீக்கிவிடலாம். நான்காம் வாரத்தில் அது மருத்துவ முறைப்படி ஏற்கத்தக்க, பாதுகாப்பான வழி. அல்லது ஈனவிடலாம். ஏழு மாதத்துப் பூனையின் எலும்பு வளர்ச்சி இன்னும் முடியவில்லை. தன் வளர்ச்சிக்கும் குட்டிகளின் வளர்ச்சிக்கும் சேர்த்து அது தின்னவேண்டும். இடுப்பெலும்பு குறுகியிருந்தால் குட்டி சிக்கும். இளந்தாய் குட்டியைப் புறக்கணிப்பதும் கூடுதல். என் மனம் அறுவைப் பக்கமே சாய்ந்தது, அதை மறைக்காமல் சொன்னேன். மறுநாள் மாமியாரும் உடன் வந்தார். "வயித்துப் புள்ளக்காரி மேல கத்தி வெக்க எனக்கு மனசு ஒப்பலை டாக்டரம்மா. எது வந்தாலும் நான் பார்த்துக்கறேன்" என்றார். "சரிங்கம்மா, அப்படின்னா நான் சொல்ற தேதியெல்லாம் தவறாம வரணும்" என்றேன். கண்கலங்கித் தலையாட்டினார். அவர் ஒரு தேதியையும் தவறவிடவில்லை.

உணவை வளரும் குட்டிகளுக்கான உணவாக மாற்றி, சிறுகச் சிறுகப் பலவேளை வைக்கச் சொன்னேன். சுண்ணாம்புச் சத்து மருந்து வேண்டாம் என்றேன். சினைக்காலத்தில் அதை அதிகமாகக் கொடுத்தால், பால் சுரக்கும்போது உடம்பு தன் எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும் பழக்கம் மந்தமாகி, வலிப்பு வரக்கூடும். உருளைப்புழு தாய்ப்பால் வழியாகக் குட்டிகளுக்குப் போகும் என்பதால் சினைக்குத் தீங்கற்ற புழுமருந்தைப் பின்னர் கொடுத்தேன். முற்றத்துக்கு அந்த வாரமே வலை போட்டார்கள்.

ஐம்பத்திரண்டாம் நாளும் அதன் பிறகும்

தை மாதக் கடைசியில் எக்ஸ்ரே எடுத்தோம். குட்டிகளின் எலும்பில் சுண்ணாம்பு ஏறி எக்ஸ்ரேயில் தெரிய ஆறாவது ஏழாவது வாரம் ஆகிவிடும். ஆகவே சினையா என்று அறிய எக்ஸ்ரே தாமதமான கருவி, ஆனால் எத்தனை என்று எண்ண அதைவிடச் சிறந்தது இல்லை. இரண்டு மண்டையோடுகள், இரண்டு முதுகெலும்புத் தொடர்கள் சங்கிலிபோலத் தெளிவாக விழுந்தன. மண்டையோட்டின் அகலத்தைத் தாயின் இடுப்பெலும்பு வளையத்தோடு ஒப்பிட்டு, வழி போதும் என்று தோன்றியதால் இயல்பான ஈற்றுக்குக் காத்திருக்கலாம் என்றேன். எடை 3.1 கிலோ. வயிறு இப்போது எவர் கண்ணுக்கும் தெரிந்தது. பக்கவாட்டில் கைவைத்தால் உள்ளே உதைப்பதும் தெரிந்தது.

64ஆம் நாள் இரவு பதினொன்றரைக்கு அழைப்பு வந்தது. மாலையிலிருந்தே சோறு தொடாமல் புடவைப் பெட்டிக்குப் பின்னால் பழைய துணியைப் பிறாண்டிக்கொண்டிருந்ததாம். காம்பை அழுத்தினால் பால் துளிர்த்ததாம். முதல் குட்டி ஒன்றேகாலுக்கு வந்தது. பையைக் கிழித்து நக்க வேண்டும் என்று பட்டுவுக்குத் தெரியவில்லை. மாமியார் நான் முன்பே காட்டிக்கொடுத்தபடி விரலால் பையை விலக்கி, துணியால் மூக்கைத் துடைத்து, தாயின் வாயருகே வைத்தார். இரண்டாவதைப் பட்டுவே நக்கிக்கொண்டது. காலையில் நான் வீட்டுக்குப் போய் எடை பார்த்தபோது ஒன்று 84 கிராம், மற்றது 91 கிராம். சற்றே சிறிய குட்டிகள்தான். இரண்டும் காம்பை விடாமல் பிடித்திருந்தன. மூன்றாவதன் தடயமாக எதுவும் வெளிவரவில்லை.

அடுக்களைச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரை மகள் எனக்குக் காட்டினாள். நான் சொன்ன தேதிகள் எல்லாம் சிவப்பு மையில் வட்டமிடப்பட்டிருந்தன. பங்குனியில் அதே காலண்டரில் நீல மையில் புதிய குறிப்பு ஒன்று ஏறியது: "சிட்டு கத்த ஆரம்பிச்சா." எடை தேறி, மயிர் பளபளத்து, அது தன் முதல் பருவத்துக்கு வந்திருந்தது. பருவத்தின் நடுவே அறுத்தால் இரத்தக்கசிவு கூடுதலாக இருக்கும் என்பதால், கத்தல் ஓயும்வரை கதவைச் சாத்தி வைத்திருக்கச் சொன்னேன். எட்டு நாளில் ஓய்ந்தது. வலை போட்ட முற்றத்துக்குள் எந்தக் கடுவனும் இறங்கவில்லை. பட்டுவின் குட்டிகள் எட்டு வாரம் நிறைந்து தாமே தின்னத் தொடங்கிய பிறகு, சித்திரை இரண்டாம் வாரத்தில், அதே பிரம்புக் கூடையில் இருவரையும் கொண்டுவந்து ஒரே காலையில் கருத்தடை செய்துகொண்டு போனார்கள்.